பள்ளி நேரத்தை நீட்டக் கேட்பது எப்படி: மாசசூசெட்ஸின் 300 மணி, சிகாகோவின் 75 நிமிடம்

கிழக்குக்கரை:

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நேரத்தை நீட்டக் கோரும் குழுக்களின் அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஒரே பல்லவிதான் கேட்கிறது. கூட்டாட்சி அரசு அமைத்த ஆணையம், ஏழு மணி நேரப் பள்ளி நாள், ஆண்டுக்கு 200 முதல் 220 நாள் என்று 1983-இல் பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டு தாண்டியும் பெரும்பாலான மாநிலங்கள் 180 நாளைச் சுற்றியே நிற்கின்றன. ஆக, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு.

கொஞ்சமாவது நடந்த இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே கோரிக்கையில் என்ன எழுதியிருந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பேசலாம். "கல்வியே கண்" ரகப் பதிவுகள் வேண்டாம். நிமிடக் கணக்கும் டாலர் கணக்கும் தெரிந்தவர்கள் வரவும்.

---

வரவுசெலவு:

மாசசூசெட்ஸிலிருந்து தொடங்குகிறேன். 2000-இல் கிறிஸ் கேப்ரியேலியும் ஜெனிஃபர் டேவிஸும் தொடங்கிய 'மாசசூசெட்ஸ் 2020' அமைப்பு முதலில் பள்ளி முடிந்த பிறகான வகுப்புகளில்தான் கவனம் வைத்திருந்தது. பிறகுதான் பள்ளி நாளையே நீட்டுவது என்று திரும்பினார்கள். சட்டமன்றத்தை அணுகிய விதம் கவனிக்க வேண்டியது. எடுத்த எடுப்பில் எல்லாப் பள்ளிக்கும் என்று கேட்கவில்லை. 2005-இல் திட்டமிடுவதற்கு மட்டும் ஒரு சிறு தொகை. 2006 செப்டம்பரில் பாஸ்டன், கேம்பிரிட்ஜ், ஃபால் ரிவர், மால்டன், வூஸ்டர் ஆகிய ஐந்து ஊர்களில் பத்துப் பள்ளிகள். 2008-இல் 26.

மானியத்தின் எலும்புக்கூடு இதுதான். ஆண்டுக்குக் குறைந்தது 300 மணி கூடுதல். அதாவது 180 நாளுக்கு வகுத்தால் தினம் 100 நிமிடம். பள்ளியிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், விரும்பியவர்களுக்கு மட்டும் என்ற பேச்சே கிடையாது. அந்த நேரத்தை மூன்றாகப் பங்கிட வேண்டும்: முக்கியப் பாடங்கள், கலை விளையாட்டு போன்றவை, ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடும் நேரம். பதிலுக்கு மாநிலம் ஒரு பிள்ளைக்கு 1,300 டாலர் தந்தது. முதலாண்டு ஒதுக்கீடு 65 லட்சம் டாலர், ஏறக்குறைய 5,000 பிள்ளைகளுக்கு.

1,300-ஐ 300-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மணிக்கு 4 டாலர் 33 சென்ட். இது போதுமா என்பதைக் கோரிக்கை எழுதுகிறவர்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். 500 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 6.5 லட்சம் வரும். 35 ஆசிரியர்களும் 300 மணி முழுக்க நின்று, மணிக்கு 40 டாலர் என்று வைத்தாலே (கணக்குக்காகச் சொல்கிறேன்) 4.2 லட்சம் போய்விடும். மிச்சமிருக்கும் 2.3 லட்சத்தில் உதவியாளர், அலுவலகம், நர்ஸ், துப்புரவு, வெளியிலிருந்து வரும் இசை, நாடகக் குழுக்கள் எல்லாம் அடங்க வேண்டும். பஸ்ஸுக்கு இன்னும் நான் வரவே இல்லை.

அதனால்தான் ஆசிரியர்கள் எல்லாரும் எல்லா நாளும் தங்குவதில்லை. பாதிப் பேர் திங்கள், புதன், மீதிப் பேர் செவ்வாய், வியாழன் என்று முறை வைப்பார்கள். இடைவெளியை வெளிக் குழுக்கள் நிரப்பும். பிள்ளையின் நேரம் வேறு, ஆசிரியரின் நேரம் வேறு என்று இரண்டு தனி அட்டவணை போடத் தெரியாத பள்ளி இந்தப் பணத்தில் ஓடாது.

---

எதிர்வாதி:

இவ்வளவும் சரி சார், விளைவு என்ன? மாநிலம் ஆப்ட் அசோசியேட்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தை வைத்துப் பல ஆண்டு மதிப்பீடு செய்தது. ஒப்பிடத்தக்க பள்ளிகளோடு வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வகுப்புகளில் மொழி, கணிதத் தேர்வுகளில் சராசரியாகச் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஐந்தாம் வகுப்பு அறிவியலில் ஓர் ஏற்றம் தெரிந்தது. ஆசிரியர்களின் களைப்பும் பிள்ளைகளின் களைப்பும் பதிவாகின.

ஃபால் ரிவரின் கஸ், பாஸ்டனின் எட்வர்ட்ஸ் ஆகிய இரண்டு நடுநிலைப் பள்ளிகளை ஆதரவாளர்கள் எல்லா மேடையிலும் காட்டினார்கள். அவை முன்னேறின என்பதை மறுக்கவில்லை. ஆனால் பத்தில் இரண்டைக் காட்டி ஒரு மாநிலத்திடம் பணம் கேட்பது நேர்மையான வாதமில்லை.

---

வரவுசெலவு:

மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மதிப்பீடு சொல்லும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே மானியத்தில் பள்ளிக்குப் பள்ளி நடந்தது வேறு வேறு. சில இடங்களில் ஏற்கெனவே இருந்த 50 நிமிடப் பீரியடை 65 நிமிடமாக இழுத்தார்கள். பாடம் அதேதான், மெதுவாக நடந்தது. ஒரு பீரியடில் 15 நிமிடம் கூட்டினால் அது வீட்டுப்பாடம் முடிக்கும் நேரமாகத்தான் போகும். பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து, அவரவர் தடுக்கிய இடத்தைக் குறிவைத்து, தனி ஆசிரியரோடு 40 நிமிடத் தனிப் பீரியட் வைத்த பள்ளி வேறு கதை.

ஃபுளோரிடா அந்தப் பாதையில் போனது. 2012 சட்டப்படி, வாசிப்பில் மிகவும் பின்தங்கிய 100 தொடக்கப் பள்ளிகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் கூடுதல், அதுவும் வாசிப்புக்கு மட்டும். 2014-இல் 300 பள்ளிகள். பட்டியலில் கடைசியாக நுழைந்த பள்ளிகளையும் மயிரிழையில் தப்பிய பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பிக்லியோ, ஹோல்டன், ஓசெக் மூவரும் செய்த ஆய்வில் வாசிப்பு மதிப்பெண் ஒரு திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.05 அளவு ஏறியது. சின்ன ஏற்றம்தான். ஆனால் எந்த நேரத்துக்கு எந்தப் பாடம் என்று சட்டமே கட்டிவைத்ததால் கிடைத்தது என்பது என் கணிப்பு.

---

மஞ்சள்பஸ்:

பஸ்ஸுக்கு வரவே இல்லை என்று விட்டுவிட்டீர்களே, அங்கேதான் பாதிக் கோரிக்கைகள் செத்துப்போகின்றன.

பெரிய நகரங்களில் ஒரே பஸ் காலையில் மூன்று ட்ரிப் அடிக்கும். பாஸ்டனில் பள்ளி தொடங்கும் நேரம் பெரும்பாலும் 7:30, 8:30, 9:30 என்று மூன்று அடுக்கு. பள்ளி நாள் 6 மணி 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மாலை மணி 1:40, 2:40, 3:40-க்கு அடிக்கும். முதல் அடுக்கிலுள்ள ஒரு பள்ளிக்கு 100 நிமிடம் கூட்டுங்கள். அது 3:20-க்கு விடும். 2:40 பள்ளியின் பிள்ளைகளை இறக்கிவிட்டு, 3:40 பள்ளிக்குப் போக வேண்டிய பஸ்ஸை நடுவில் 3:20-க்கு எங்கிருந்து கொண்டுவருவது? தனி பஸ் வேண்டும். காலையில் பகிர்ந்துகொண்ட வண்டி மாலையில் முழுச் செலவாக ஒரே பள்ளியின் தலையில் விழும்.

தப்பிக்க இரண்டு வழி. நீட்டும் பள்ளிகளை ஒரே அடுக்கில் கொத்தாகச் சேர்ப்பது ஒன்று. கூடுதல் நேரத்தைச் சரியாக 60 அல்லது 120 நிமிடமாக வைத்து அடுத்த அடுக்கோடு பொருத்துவது இன்னொன்று. பொருத்தினாலும் அந்த அடுக்கில் கூடுதல் வண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100 நிமிடம் என்பது 300-ஐ 180-ஆல் வகுத்து வந்த எண், பஸ் டிப்போவைக் கேட்டு வந்த எண் இல்லை.

சரி, அடுக்கையே மாற்றிவிடலாமே என்பார்கள். 2017 டிசம்பரில் பாஸ்டன் நிர்வாகம் எம்ஐடி ஆய்வாளர்களின் கணினி முறையை வைத்து நகரம் முழுக்கத் தொடங்கும் நேரத்தை மாற்றி அறிவித்தது. உயர்நிலைப் பள்ளி தாமதமாக, பல தொடக்கப் பள்ளிகள் 7:15-க்கு என்று வந்தது. பெற்றோர் கொதித்தார்கள், இரண்டு வாரங்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். மணி அடிக்கும் நேரத்தில் கை வைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

---

ஒப்பந்தப்படி:

உதவியாளர் விஷயம் ஒன்று சேர்க்கிறேன். ஆசிரியர்களுக்குக் கூட்டாட்சிக் கூடுதல் நேர ஊதியச் சட்டம் பொருந்தாது, விலக்கு உண்டு. மணிக்கூலியில் இருக்கும் வகுப்பறை உதவியாளர்களுக்குப் பொருந்தும். தினம் ஆறரை மணி என்றால் வாரம் 32 மணி 30 நிமிடம். 100 நிமிடம் வீதம் ஐந்து நாள் கூட்டினால் 8 மணி 20 நிமிடம். மொத்தம் 40 மணி 50 நிமிடம். 40-ஐத் தாண்டிய 50 நிமிடத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆண்டு முழுக்க, பள்ளி முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னால் விட்டுவிட்டால் தீர்ந்துவிடும், ஆனால் கோரிக்கையில் "அனைத்து நாட்களும்" என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் மறக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் முழுக்க ஓர் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று இருந்தால், நீட்டிய நேரத்திலும் இருக்க வேண்டும். தனி வேன் என்றால் அதுவும் தாமதமாக வர வேண்டும். "நாலு மணி நாடக வகுப்புக்கு உதவியாளர் இல்லை, உங்கள் பிள்ளையை இரண்டரைக்கே அழைத்துப் போங்கள்" என்று சொல்வது சட்ட மீறல். பட்ஜெட்டில் இதற்குத் தனி வரி இல்லாத கோரிக்கையை நான் முழுதாகப் படிப்பதே இல்லை.

---

கிழக்குக்கரை:

ஒப்பந்தப்படி, சிகாகோவைப் பற்றியும் எழுதுங்கள். எல்லாரும் அதை "மேயர் சாதித்தார்" அல்லது "சங்கம் முடக்கியது" என்று இரண்டே வரியில் முடிக்கிறார்கள்.

---

ஒப்பந்தப்படி:

இரண்டு வரியில் அடங்காது.

2012-க்கு முன் சிகாகோ தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 5 மணி 45 நிமிடம், ஆண்டுக்கு 170 நாள். நாட்டின் பெரிய நகரங்களில் மிகக் குறைவானவற்றுள் ஒன்று. ஏன் அவ்வளவு குறைவு? பல பள்ளிகளில் ஆசிரியரின் 45 நிமிட மதிய இடைவேளையை நாளின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் முன்னதாக வீட்டுக்குப் போவார்கள், விளையாட்டு இடைவேளை இருக்காது. ஆக, நீட்டிய நேரத்தில் ஒரு பங்கு, புதிய பாடத்துக்கு முன், பறிபோன இடைவேளையைத் திருப்பிக் கொடுக்கவே போயிற்று. இதை யாரும் விளம்பரப் பலகையில் எழுதவில்லை.

2011 ஜூனில் மாநிலச் சட்டம் ஒன்று பள்ளி நாளின் நீளத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நிர்வாகத்துக்குக் கொடுத்தது. அதே சட்டம், வேலைநிறுத்தத்துக்குச் சங்க உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஒப்ப வேண்டும் என்றது. அதே மாதம் நிர்வாகம் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4 சதவீத ஊதிய உயர்வை ரத்து செய்தது. அதற்கு மேல், 90 நிமிடம் கூடுதலாக வேலை செய்தால் 2 சதவீதம் என்றார்கள். 345 நிமிடத்தில் 90 என்பது 26 சதவீதம். 26-க்கு 2! இந்தக் கணக்கை எந்தச் சங்கத் தலைவர் மேடையில் சொல்ல மாட்டார்? கேரன் லூயிஸ் சொன்னார்.

பிறகு மேயர் ராம் இமானுவேல் பள்ளி பள்ளியாகப் போனார். ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு ஒப்பந்த விதியைத் தளர்த்தினால் பள்ளிக்கு 1,50,000 டாலர் வரை. 13 பள்ளிகள் ஒப்புக்கொண்டன. சங்கத்தைத் தாண்டி ஆசிரியர்களோடு நேரடியாகப் பேரம் பேசுவது முறையல்ல என்று தொழிலாளர் உறவு வாரியம் வரை வழக்குப் போனது. நவம்பரில் சமரசம்: இந்த 13-க்கு மேல் அந்த ஆண்டு இல்லை.

அடுத்து பெற்றோர். ஏழரை மணி என்று மேயர் அறிவித்தபோது, ஆறரை போதும் என்று பெற்றோர் குழுக்களே எழுந்தன. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: கூடுதல் நேரத்தில் என்ன? இசை ஆசிரியர் இல்லாத பள்ளியில் கூடுதல் நேரம் என்றால் கூடுதல் பணித்தாள்தான். 2012 ஏப்ரலில் தொடக்கப் பள்ளிக்கு ஏழு மணியாக இறங்கியது. ஜூலையில் இடைக்கால உடன்பாடு: ஏறத்தாழ 500 கலை, இசை, உடற்பயிற்சி முதலிய ஆசிரியர்களை எடுப்பது, நீட்டிய நேரத்தை அவர்களைக் கொண்டு நிரப்புவது, வகுப்பாசிரியரின் வேலை நேரத்தை பெரிதாகக் கூட்டாமல் விடுவது. 75 நிமிடத்துக்கு உண்மையான விலை அங்கேதான் தெரிந்தது. அதற்குள் ஏறக்குறைய 90 சதவீத உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். செப்டம்பர் 10 முதல் 18 வரை பள்ளிகள் மூடிக் கிடந்தன, 25 ஆண்டுகளில் முதல் முறை.

ஆக, ஒரு ஆண்டு முன்பே அந்த 500 பேருக்கான பணத்தை மேசையில் வைத்துப் பேசியிருந்தால்? எனக்குத் தெரிந்தவரை அந்தக் கேள்வியை மேயர் தரப்பில் யாரும் கேட்கவில்லை.

---

எதிர்வாதி:

பணம் மட்டும் காரணமில்லை சார். பள்ளி நேரம் அதிகமுள்ள ஹூஸ்டனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே, சிகாகோ ஆசிரியர்கள் குறைவாக வேலை செய்கிறார்கள் என்ற பிம்பத்தை ஊர் முழுக்கப் பரப்பினார்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தைக்கு என்ன மதிப்பு?

---

ஒப்பந்தப்படி:

உண்மை. பாஸ்டன் அந்தப் பிழையைச் செய்யவில்லை. 2014 டிசம்பரில் சங்கத்தோடு பேசி முடித்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். தினம் 40 நிமிடம், 180 நாளுக்கு 120 மணி. ஆசிரியர்களுக்கு நிலையான ஆண்டுத் தொகை. எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் இல்லை, மூன்றாண்டில் அறுபது பள்ளிகள் வரை. 40 நிமிடத்திலும் ஒரு பகுதி ஆசிரியர்கள் கூடித் திட்டமிடுவதற்கு. கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், வேலைநிறுத்தம் இல்லாமல் முடிந்தது.

---

தென்மேற்கு:

சட்ட வாசகம் எழுதுகிறவர்கள் நியூ மெக்சிகோவைப் பாருங்கள். 2023 சட்டம் எல்லா வகுப்புக்கும் ஆண்டுக்கு 1,140 மணி என்றது. முன்பு தொடக்க வகுப்புகளுக்கு 990, மேல் வகுப்புகளுக்கு 1,080. செய்தித்தாளில் 150 மணி கூடியது. ஆனால் அதில் தொடக்கப் பள்ளிக்கு 60 மணி வரை ஆசிரியர்களின் பயிற்சி, திட்டமிடல் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு உறுதியாகக் கிடைப்பது 90 மணி. 180 நாளுக்கு வகுத்தால் அரை மணி. மேல் வகுப்புகளில் 60 கூடி 30 கழிகிறது.

ஆசிரியர் நேரத்தைச் சேர்த்தது தவறு என்று சொல்ல வரவில்லை, அது தேவை. மணியில் எழுதுகிறீர்களா, நாளில் எழுதுகிறீர்களா என்பதுதான் விஷயம். மணியில் எழுதினால், வாரம் நாலு நாள் மட்டும் நடக்கும் கிராமப்புறப் பள்ளிகள் நாளை நீட்டித் தப்பித்துக்கொள்ளும். நாளில் எழுதினால் அவர்கள் நீதிமன்றம் போவார்கள். மாநிலக் கல்வித்துறை 180 நாள் என்று விதி போட்டபோது அதுதான் நடந்தது, விதி நிறுத்தப்பட்டது.

---

கிழக்குக்கரை:

வெளிநாட்டு உதாரணம் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். சிலியை எல்லா ஆதரவு அறிக்கையும் மேற்கோள் காட்டுகிறது.

---

எதிர்வாதி:

சிலியைக் காட்டுவதென்றால் முழுதாகக் காட்டட்டும். 1997 சட்டம். மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் 30 பீரியடிலிருந்து 38, மேல்நிலையில் 42. அங்கே ஒரே கட்டடத்தில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று இரண்டு பள்ளி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தை நீட்ட வேண்டுமானால் பாதிப் பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் வேண்டும். அதனால் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது, செலவின் பெரும்பகுதி செங்கலும் சிமெண்ட்டும். தேர்வு மதிப்பெண்ணில் ஏற்றம் சிறியது. முழுநேரப் பள்ளி அதிகம் வந்த ஊர்களில் வளரிளம் பெண்களின் கர்ப்பமும் சிறார் குற்றமும் குறைந்தன என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைத்தான் ஆதரவாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். ஆனால் கணித மதிப்பெண்ணையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

ஜெர்மனியை இதில் சேர்க்காதீர்கள். 2003-இல் 400 கோடி யூரோ ஒதுக்கியதும், 2026 ஆகஸ்ட் முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுநாள் இடம் சட்ட உரிமை ஆனதும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிந்தைய பராமரிப்பைப் பற்றியது. பாட நேரக் கணக்கோடு பொருந்தாது.

---

வரவுசெலவு:

உணவைப் பற்றி ஒன்று, யாரும் தொடாததால். மதிய உணவு 11 மணிக்கு, பள்ளி விடுவது நாலு மணிக்கு என்றால் மூன்று மணிக்கு வகுப்பில் ஒரு பிள்ளையும் பாடத்தில் இருக்காது. வழக்கமான குறைந்தபட்ச நேரத்தைவிட ஒரு மணியாவது நீண்ட பள்ளி நாளாக இருந்து, வறுமை அளவுகோலும் பொருந்தினால், கூட்டாட்சிப் பராமரிப்பு உணவுத் திட்டத்தில் சிற்றுண்டியோ இரவு உணவோ கேட்கலாம். 40 நிமிட நீட்டிப்பு தனியே இந்த வரம்பைத் தொடாது. ஒரு மணிக்கு மேல் போவதா, கீழே நிற்பதா என்று யோசிக்கிறவர்கள் இதையும் தராசில் வையுங்கள்.

பண வழியிலும் 300-க்கு ஒரு மதிப்பு உண்டு. 2015 கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளி முடிந்த பிறகான வகுப்புகளுக்கென்று வரும் நிதியை, ஆண்டுக்கு 300 மணியாவது கூட்டும் பள்ளிகளுக்கும் மாநிலம் பயன்படுத்தலாம். ஏற்கெனவே செலவாகும் பணத்தை இதைக்கொண்டு ஈடுகட்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. 280 மணியில் நிறுத்திய திட்டத்துக்கு இந்தக் கதவு மூடிவிடும்.

---

கிழக்குக்கரை:

இதுவரை வந்ததை வைத்து ஒரு வரைவு. திருத்தவும்.

"தெரிவு செய்யப்பட்ட பள்ளிகளில், அனைத்து மாணவர்களுக்கும், அனைத்து நாட்களிலும் 100 நிமிடம் கூடுதல் நேரம் வழங்கப்படும். ஒரு மாணவருக்கு 1,300 டாலர் வீதம் மாநிலம் மானியம் வழங்கும். ஆசிரியர் சங்கத்துடன் கலந்தாலோசிக்கப்படும்."

---

ஒப்பந்தப்படி:

"கலந்தாலோசிக்கப்படும்" என்பதை எடுங்கள். "சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட துணை ஒப்பந்தம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். மாசசூசெட்ஸில் உள்ளூரிலேயே பேசி முடித்துவிட்டு வா என்று சொன்னதால்தான் சண்டை மாநிலத் தலைநகரம் வரை வரவில்லை.

---

மஞ்சள்பஸ்:

"அனைத்து நாட்களிலும் 100 நிமிடம்" வேண்டாம். "ஆண்டுக்கு 300 மணி, நாள்வாரிப் பங்கீடு பள்ளியின் முடிவு." நாலு நாள் இரண்டு மணி நேரம், வெள்ளி அரை மணி என்று பிரித்தால் வாரத்துக்கு எட்டரை மணி வரும், 36 வாரத்தில் 306. பஸ் அடுக்கும் நாலு நாள் பொருந்தும், வெள்ளிக்கு மட்டும் தனி ஏற்பாடு. உதவியாளர் வெள்ளியன்று வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினால் வாரம் 40 மணி 30 நிமிடம், இன்னொரு அரை மணியை எங்காவது கழித்தால் கூடுதல் கூலி இல்லை.

---

வரவுசெலவு:

1,300 என்ற எண்ணை வரைவில் வைக்காதீர்கள். அது 2006-இன் விலை, ஊதியம் ஏற ஏற அந்த எண் அப்படியே நின்றால் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். மாவட்டத்தின் ஆசிரியர் ஊதிய உயர்வோடு சேர்ந்து ஏறும் என்று எழுதுங்கள். திட்டமிடும் ஆண்டுக்குத் தனி மானியம் என்ற வரியும் இல்லை, அதைச் சேருங்கள். மே மாதம் பணம் ஒப்புதலாகி செப்டம்பரில் தொடங்கச் சொன்னால், பள்ளிகள் பீரியடை இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

---

எதிர்வாதி:

மதிப்பீட்டுக்கும் ஒரு வரி. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம் வந்தால் தகுதியான பள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். குலுக்கலில் வராத பள்ளிகளோடு ஒப்பிட்டால் மூன்றாண்டில் நம்பத்தக்க பதில் கிடைக்கும். தேர்வு மதிப்பெண்ணோடு வருகைப்பதிவு, ஆசிரியர்கள் விலகும் விகிதம் இரண்டையும் முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். இதைச் சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.